நான் கால் வைக்கக் கூடாத போட்

போர்த்துக்கீசர் வழிவந்த எங்கள் பறங்கிக் குடும்பங்களில் ஆண்பிள்ளை இரும்பு வேலை செய்வான், பெண்பிள்ளை தையல் மெசின் மிதிப்பாள். மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. நான் தைத்த சட்டைக்கோ ஒரு கை நீளம், மற்றக் கை கட்டை. அம்மாவே கடைசியில் கும்பிடு போட்டு, "உனக்கு விருப்பமானதப் படி மகள், துணிய விட்டுரு" என்றார். தொழில்நுட்பக் கல்லூரியில் போட் எஞ்சின் திருத்தும் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

அந்த வகுப்பில் பெண்ணும் நான் ஒருத்திதான், பறங்கியும் நான் ஒருத்திதான். நான் தொட்ட எஞ்சின் ஓடினால், "பறங்கி ரத்தம்தானே, பிறவியிலேயே வரும்" என்பார்கள். ஓடாவிட்டால், "பொம்பிளப் பிள்ளைக்கு இது சரிவராது" என்பார்கள். அடப்பாவிகளா, கண் நோகப் படித்தது நான்தானே! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படிப்பு முடிந்ததும் வாவிக் கரையோரம் ஒரு கராஜில் தற்காலிகமாக எடுத்தார்கள். முதலாளி உடைத்துச் சொல்லிவிட்டார். "தங்கச்சி, மாசக் கடைசி வரைக்கும் பாப்பன். நம்மட வேலை போட்டுக்குள்ளதான். போட்டில ஏற ஏலாத ஆள வெச்சு நான் என்ன செய்யிற?"

சிக்கலே அங்கேதான். பெண் கால் வைத்த போட்டுக்கு மீன் படாது என்பது கரையில் உள்ள நம்பிக்கை. தமிழ்ப் பெண், முஸ்லிம் பெண், பறங்கிப் பெண் என்ற பாகுபாடு இதில் மட்டும் கிடையாது. எல்லாரும் ஒன்றாகக் கரையில் நிற்கலாம்!

ஆனாலும் மீனவர்கள் நல்ல மனிதர்கள், என்னை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அதுக்கென்ன தங்கச்சி, எஞ்சின் உன்னட்ட வரும்" என்று அதைக் கழற்றித் தோளில் தூக்கி வருவார்கள். மரச்சட்டத்தில் பூட்டி, அடியில் தண்ணீர் பீப்பாய் வைப்பார்கள். சாமி ஊர்வலம்தான்! சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

மாதக் கடைசியில் ஒரு போட் வந்தது. எஞ்சின் கரையில் அருமையாக ஓடியது. போட்டில் திரும்பப் பூட்டினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மறுபடி கழற்றினார்கள், மறுபடி ஓடியது. தூக்கியவர்களுக்குத் தோள் கழன்றது. எனக்கு விளங்கிவிட்டது. கரையில் கராஜ் கானிலிருந்து எண்ணெய் எடுத்து நன்றாக ஓடுவதால், பிழை எஞ்சினில் இல்லை. போட்டுக்குள், பலகைக்குக் கீழால் போகும் எண்ணெய்க் குழாயில்தான்.

"அண்ணன், நான் உள்ளுக்க ஏறிப் பாக்கணும்" என்று அந்த போட்டை ஓட்டும் மீனவரிடம் கேட்டேன்.

"ஐயோ தங்கச்சி, அது மட்டும் ஏலா."

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அந்த நேரம் சோற்றுப் பார்சலோடு அந்த அண்ணனின் மனைவி வந்தார். "என்னகா பிரச்சினை?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் புருசன் பக்கம் திரும்பினார்.

"இந்த போட் ஆருட?"

அண்ணன் வாவியைப் பார்த்தார்.

"ஆருட எண்டு கேட்டன்."

"உன்ட சீதனம்தான்" என்று முணுமுணுத்தார் அண்ணன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். அந்த அக்காவின் அப்பா வீட்டோடு போட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

"அப்ப நான் சொல்றன். நீ ஏறுகா" என்றார் அக்கா.

ஏறினேன். பலகையைக் கழற்றிப் பார்த்தால், குழாய் அதன் கீழே நசிந்து கிடந்தது. நசிந்த இடத்தை வெட்டிப் புதுத் துண்டு போட்டு, எஞ்சினைப் பூட்டிக் கயிற்றை இழுத்தேன். பிடித்தது. பிறகு நிற்கவே இல்லை. முதலாளி அப்போதுதான் கட்டிய கையை அவிழ்த்தார். "நாளைக்கு அடுத்த கரை வேலைக்கும் நீதான் போகணும்" என்றார். சந்தோசத்தில் துள்ள வேண்டும் போல் இருந்தது. போட் ஆடும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஓட்டிப் பார்ப்பதற்காக அண்ணன் ஏறப் போனார். "கொஞ்சம் நில்லுங்க" என்று அவர் கையில் சோற்றுப் பார்சலைக் கொடுத்தார் அக்கா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, என் தோளைப் பிடித்து ஏறினார். போட் ஒரு பக்கம் சரிந்ததும், "ஆத்தாடி!" என்று நடுப்பலகையில் குந்தி, இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மகளுக்கும் கலியாண வயசாப் போச்சு. என்ட போட்டில நான் இண்டைக்குத்தான் ஏறுறன்" என்றார். "ஓட்டுகா, பாப்பம்."