வானவடியில் வெந்நீர் வரவில்லை

சோலார் வெந்நீர் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறவளுக்கு, ஊரார் குளிக்கிற நேரம்தான் ராகு காலம். மாடியில் சோலார் வைத்துவிட்டு மெக்கானிக்குக்காகக் காத்துக் கிடந்தவர்களே, போனின் மறுமுனையில் இருந்த நானும் உங்கள் கட்சிதான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மராத்தி ஊரான போசரியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் வானவடியில் ஓர் எட்டு வீட்டுக் கட்டடத்துக்கு மொட்டைமாடியில் பொதுவாக எங்கள் சோலார். அங்கே செகரட்டரி, ஓய்வு பெற்ற மராத்தி மேஜர். தீபாவளிக்குள் வெந்நீர் ஒழுங்காக வராவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வீட்டுக்கு வீடு கீஸர்தான் என்றார் அவர். அந்தக் கட்டடம் போனால் உன் நாற்காலியும் போகும் என்றார் முதலாளி. வீட்டில் என் ஒரு சம்பளம்தான்.

காய்கிற இடம்

கோடையில் ஒருநாள் எட்டு வீட்டிலும் பச்சைத் தண்ணீர். மெக்கானிக் ஷிண்டே மாடிக்குப் போய்ப் பார்த்தால், பேனல் கண்ணாடிகள் மேல் வேட்டி விரித்து வரிசையாக வடாம். தரைத்தள மாமியின் வேலை. அவரும் மாமாவும் சென்னையிலிருந்து வந்து மகனோடு தங்கியிருந்தவர்கள். மாமிக்கு இந்தி வராது, ஷிண்டேக்குத் தமிழ் வராது. போன் என்னிடம் வந்தது. பேனலை மூடினால் தண்ணீர் எப்படிச் சுடும் என்று பொறுமையாக விளக்கினேன். மாமி என்னைவிடப் பொறுமையாகச் சொன்னார்:

"ஏண்டிம்மா, வெயில் எங்கே நன்னா பிடிக்கும்னு பார்த்துதானே நீங்களே அதை அங்க வெச்சிருக்கேள்? அப்போ வடாமை வேற எங்க போடறது?"

திறக்காத குழாய்

வடாம் இறங்கியதும் மேல் வீடுகளில் சூடு வந்தது. தரைத்தளத்தில் மட்டும் வரவில்லை. ஷிண்டே திறந்தால் வெந்நீர், மாமா திறந்தால் பச்சைத் தண்ணீர். நடையாய் நடந்து ஷிண்டேயின் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், மாமா குளிக்கக் கிளம்பும்போது பக்கத்திலேயே நின்று பார்க்க ஷிண்டேயிடம் சொன்னேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

மாடியிலிருந்து வரும் நீளக் குழாயில் ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீர் முதலில் வெளியே போக வேண்டும். மாமாவோ அரை பக்கெட் நிரம்பியதும் குழாயை மூடிவிடுகிறார். அந்தத் தண்ணீரை வேறு பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், சூடு வரும்வரை மட்டும் மூடாதீர்கள் என்று போனில் கெஞ்சினேன்.

"குடத்தோட தண்ணி லாரிக்கு நின்னவன்மா நான். சுடற வரைக்கும் குழாயைத் தொறந்து விடுன்னு சொல்றியே, உனக்கு எப்படி மனசு வரது?"

பூட்டிய பெட்டி

தீபாவளி நெருங்க, வானம் மூடிக்கொண்டது. நரக சதுர்த்தசிக்கு விடியுமுன் எண்ணெய் ஸ்நானம் தமிழர்களுக்கும் உண்டு, மராத்தியர்களுக்கும் உண்டு. எட்டு வீடும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும். வெயில் இல்லாத நாளுக்கென்றே டேங்கில் கரண்டில் சூடாக்கும் காயில் ஒன்று இருக்கிறது. அதன் சுவிட்ச் பெட்டியைத்தான் மேஜர் முதல் நாளிலிருந்தே பூட்டி வைத்திருந்தார். சோலார் வாங்கிவிட்டுக் கரண்ட் போடுவது அவருக்கு மானப் பிரச்சினை. பட்டாளத்தில் ரிசர்வ் படை வைத்துக்கொள்வது கிடையாதா சார் என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். மேஜர் சொன்னார்:

"சரி, பூட்டைத் திறக்கிறேன். ஆனால் இது சரண்டர் இல்லை. அதையும் எழுதிக்கொள்."

கங்கா ஸ்நானம்

தீபாவளியன்று தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு நிக்டியில் என் வீட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கிழக்கு வெளுக்குமுன் மணி அடித்தது. மேஜர்தான். ஒரு புகார் என்றார். போச்சு, இனி வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தண்ணீர் கொதிக்கிறது. தரைத்தளத்து அங்கிள் முதல் பக்கெட்டைச் செடிக்கு எடுத்து வைத்துவிட்டு, அடுத்த பக்கெட்டில் கையை விட்டுப் போட்ட சத்தத்தில் கட்டடமே எழுந்து குளித்து முடித்துவிட்டது. கீஸர் யாருக்கும் வேண்டாமாம். ஷிண்டேயை அனுப்பிச் சூட்டைக் குறைக்கச் சொல்."

ஜில்லென்று வந்தாலும் புகார், கொதித்தாலும் புகார் என்று காலம் தள்ளிய எனக்கு, பதமான சூட்டில் குளித்துவிட்டு ஒரு மனுஷர்கூட போன் பண்ணியதில்லை.