நெற்றி சுடாத மலேரியா

சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனோம். நாங்கள் இருப்பது உகாண்டாவின் கம்பாலாவில். தேயிலைத் தோட்டத்தின் நடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்பது என் எட்டு வயது மகள் யாழினியின் ஆசை. வேறு பெரிய காரணம் இல்லை. கோலாலம்பூரில் காலை எட்டரைக்குப் பேருந்து, ஆளுக்கு நாற்பது ரிங்கிட். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுன் வரை சுமார் அறுபது கிலோமீட்டரும் வளைவுகள்தான். வாந்திக்குப் பிளாஸ்டிக் பை கையில் இருக்கட்டும், எங்களுக்கு இரண்டு தேவைப்பட்டன.

மறுநாள் காலை சுற்றிக்காட்ட வேன் டிரைவர் குமரேசன் வந்தார். ரிங்லெட் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அரை நாள் வாடகை நூற்றைம்பது ரிங்கிட். தேயிலைச் சரிவில் கொஞ்ச தூரம் ஏறியதுமே யாழினி உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. புறங்கையால் நெற்றியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் என் கணவர்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று குமரேசன் கேட்டார். சொன்னேன். சின்னவளாக இருந்தபோது இவளுக்கு மலேரியா வந்துகொண்டே இருக்கும், உடம்பு கொதிக்கும், இப்போது இரண்டு வருடமாகக் காய்ச்சலே இல்லை, உடம்பு பழகிவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கம்பாலாவில் எங்கள் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. தோட்டத்துக்குப் புதிதாக வரும் வெளிநாட்டு ஆட்களை மலேரியா ரத்தப் பரிசோதனைக்கு ஏற்றிப் போவதும் அவர் வேலையாம்.

"நல்லா நடக்கிற ஆளுக்கு எதுக்கு ரத்தம் பாக்குறாங்கன்னு நான்கூட கேட்டிருக்கேன்க்கா. காய்ச்சல் இல்லாட்டியும் உள்ள இருக்கலாமாம் லா. டவுன் ஆஸ்பத்திரி பக்கந்தான், காட்டிட்டுப் போயிரலாம்."

ஸ்ட்ராபெரி தோட்டம் போச்சே என்று கணவர் முணுமுணுத்தார். அரை மணியில் தானா ராத்தா வந்துவிட்டோம். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது: மலேரியா கிருமி இருக்கிறது, குறைவாக. காய்ச்சல் இல்லாமல் எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். டாக்டர் ஈப்போக்காரப் பெண், தமிழர்.

"திருடன் அடிக்கடி வந்து போற வீட்டுல நாய் கொஞ்ச நாள்ல குரைக்கிறத விட்டுரும். அப்படித்தாம்மா. மலேரியா போகல, பிள்ளையோட உடம்பு சத்தம் போடுறத நிறுத்திருச்சு."

எனக்குப் பயம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கம். அவர் பொறுமையாக விளக்கினார். திரும்பத் திரும்ப மலேரியா வரும் குழந்தைகளின் உடம்பில், முதலில் பாய்ந்து சண்டைக்குப் போகும் சில எதிர்ப்பு அணுக்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றனவாம். அதனால் கடும் காய்ச்சலிலிருந்து குழந்தை தப்பிக்கிறது. ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களும் கிருமியைப் பெருகவிடாமல் பிடித்துவைக்கின்றன, ஆனால் முழுசாக விரட்டுவதில்லை. உள்ளே இருந்தபடியே அது ரத்தசோகையைக் கொண்டுவருகிறது. இந்த மந்தம் மற்ற நோய்களை எதிர்ப்பதையும் பாதிக்குமா என்று இன்னும் ஆராய்கிறார்களாம்.

ஜூனில் கோவைக்கே குடிபோகிறோம், இனிக் கவலையில்லையே என்றேன். விலகி இருந்தால் அந்தப் பழக்கமும் மெல்லப் போய்விடும், பிறகு கம்பாலாவுக்கு விருந்தாளியாகப் போய் மலேரியா வந்தாலும் அவளுக்குப் பழையபடி கொதிக்கும் என்றார்.

"அப்ப நான் என் ஃப்ரெண்டப் பார்க்கப் போகவே கூடாதா?" என்றாள் யாழினி. மாத்திரையோடும் கொசுவலையோடும் தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர்.

மருந்து கொடுத்து மூன்று நாள் வார்டில் வைத்திருந்தார்கள். எங்கே தூங்கினோம், கொசு கடித்ததா என்று சுகாதாரத் துறையினர் வந்து விசாரித்தார்கள். வெளியே வந்த மறுநாள் குமரேசன் அதே சரிவுக்குக் கூட்டிப் போனார். யாழினி நடுவில் ஒரு தடவைதான் உட்கார்ந்தாள். படம் எடுத்தோம்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர், பயணக் காப்பீடு இரண்டும் அவசியம். மலேரியா உள்ள ஊரில் வளரும் பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால், எந்த ஊர் டாக்டரிடமும் முதலில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதும் என் கை அவள் நெற்றிக்குத்தான் போகிறது. முன்பெல்லாம் சில்லென்று இருந்தால் நிம்மதியாகக் கையை எடுத்துவிடுவேன். இப்போது எடுக்க முடிவதில்லை.