ஞானையன் கடை முதலமைச்சர்கள்

ஆட்சி மாறினால் சென்னையில் யார் யாருக்கு என்னென்ன கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாது. குழித்துறையில் முதலில் வேலை கிடைப்பது கண்ணாடிக்கடை ஞானையனுக்குத்தான். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், கூட்டுறவு சொசைட்டி, வாயனசாலை என்று நாம் சொல்லும் படிப்பகம் எல்லாவற்றிலும் சுவரில் தொங்கும் முதலமைச்சரை இறக்கிப் புதியவரை ஏற்ற வேண்டும். பிரேம் அதேதான், ஆள்தான் மாறுவார். ஒரு வாரத்துக்கு ஞானையனின் கடை வாசலில் தலைவர்கள் சுவரோடு சுவராகச் சாய்ந்து வரிசையில் நிற்பார்கள். சந்தைக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்து, ஒரு நல்ல வார்த்தையோ கெட்ட வார்த்தையோ சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஞானையன் எந்தக் கட்சி என்பது அவர் மனைவி ரெத்தினபாய்க்கே தெரியாது. அந்த அம்மாள் பிறந்ததிலிருந்து கைச் சின்னம். வேறு சின்னத்தில் குத்தினால் கை விரல் வெந்துவிடும் என்பதுபோல நடந்துகொள்வாள். ஓட்டுப் போட்டுவிட்டு வரும் வழியில் ஒவ்வொரு முறையும் கேட்பாள், "எங்க குத்தினிய?" என்று. ஞானையன் விரல் மையைக் காட்டி, "இஞ்சதான்" என்பார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

ஆனால் அவர் காலத்தைக் கணக்கிடுவதே முதலமைச்சர்களை வைத்துத்தான். மூத்த மகள் எம்.ஜி.ஆர். படத்துக்கு ஆர்டர் குவிந்த வருடம் பிறந்தவள். கடைக்குக் கான்கிரீட் போட்டது இன்னாருடைய முதல் ஆட்சியில், மாடி ஏற்றியது அவருக்கு எதிராளியின் இரண்டாம் ஆட்சியில். மாநிலம் ஒரு பக்கம் சாய்ந்தால் நம் மாவட்டம் பல தடவை இன்னொரு பக்கம் சாயும். அந்த வீம்பு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "நம்ம ஆளுக ஆருக்கும் அடங்க மாட்டானுவ" என்று, அதைப் பதக்கம்போலக் குத்திக்கொண்டு பேசுவார்.

கடை அவருடைய அப்பா யேசுவடியான் வைத்தது. யேசுவடியான் பனையேறி. திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து தமிழ்ப் பகுதிகளைப் பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்தில் போலீஸ் சுட்டது. ஊர்வலத்தில் போன யேசுவடியானின் வலது முட்டியில் குண்டு பாய்ந்தது. உயிர் தப்பியது, கால் மடங்கவில்லை. கால் மடங்காதவன் பனையில் ஏறுவது எப்படி? உட்கார்ந்து செய்கிற வேலை தேடினார். கண்ணாடி அறுக்கக் கற்றார். கடை வந்த கதை இதுதான்.

1956 நவம்பரில் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வாயனசாலைக்காரர்கள் சுவரில் தொங்கிய பிரேமைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், காமராசர் படம் வைக்க. உள்ளே இருந்தவர் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஆண்ட முதலமைச்சர். அவருக்குப் பிறகும் ஒருவர் வந்து போயிருந்தார், ஆனால் படம் மாற்ற வாயனசாலைக்குச் சோம்பல். வந்தவர்கள் யேசுவடியானிடம், "நீயே கிழிச்சுப் போடு, உனக்குத்தான் அந்த உரிமை உண்டு" என்றார்கள். யேசுவடியான் படத்தை எடுத்தார், பார்த்தார், காமராசருக்குப் பின்னால் மட்டமாக வைத்து ஆணி அடித்தார். "நாம ஜெயிச்சாச்சு. ஜெயிச்சவன் கிழிக்கப்பிடாது" என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் அது கடையின் வழக்கமாகிவிட்டது. புதியவர் முன்னால் வருவார், பழையவர் பின்னால் போவார், எந்தப் படமும் கிழியாது. அந்த வாயனசாலைப் பிரேமும் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே வந்தது.

2006 மே மாதம் ஆட்சி மாறியது. பதவியேற்பு முடிந்த மறுநாள் வாயனசாலைச் செயலாளர் வைகுண்டராஜன் பிரேமோடு வந்தார். தனியாக வரவில்லை. வென்ற கட்சியின் ஊர்ப் பொறுப்பாளர் குமாரதாஸும் இருபது பேரும் கூடவே வந்தார்கள். கையில் புதிய முதலமைச்சரின் வண்ணப்படம், சட்டைப்பையில் சரவெடி. குமாரதாஸ் ஐந்து வருடம் எதிர்க்கட்சியில் இருந்து காய்ந்தவர். வழக்கு, கைது என்று பார்த்துவிட்டவர். அந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

"அண்ணே, புதுசைப் போடும். பழசைக் கழற்றி இஞ்ச தாரும்" என்றார்.

"என்னத்துக்கு மக்கா?"

"ஜங்ஷன்ல வெச்சுக் கொளுத்தணும்."

"கழற்றித் தரமாட்டேன். அது உள்ளதான் இருக்கும்" என்றார் ஞானையன்.

கூட்டம் சிரித்தது. குமாரதாஸ் சிரிக்கவில்லை. "நாங்க இப்போ ஆளுங்கட்சியாக்கும், கேட்டியளா? ஒரு ஆபீஸ் பிரேம்கூட இனி இந்தக் கடைக்கு வராது. மார்த்தாண்டத்துல கடை இல்லாமயா கெடக்கு?" என்றார். பின்னால் நின்ற ஒருவன் வாசலில் சாய்த்திருந்த ஆளுயரக் கண்ணாடியைக் காலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். வைகுண்டராஜன், பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞானையன் வீராதி வீரர் ஒன்றும் அல்ல. நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்குப் போகிறவர். இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆபீஸ் வேலை நின்றால் கடை பாதி படுத்துவிடும். ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. யார் குறை சொல்லப்போகிறார்கள்? உள்ளே நின்ற ரெத்தினபாயைப் பார்த்தார். கொடு என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது, சொல்ல மாட்டாளா என்று ஆசையாகவும் இருந்தது. அவளோ மேசையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைத் தள்ளிவிட்டு, முந்தானையால் துடைத்துச் சுத்தமாக்கினாள். பிரேமை வைக்க இடம் செய்து கொடுத்தாள்.

ஞானையனுக்கு அது போதும். பிரேமைக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினார். பின்பலகையை எடுத்துவிட்டுப் படங்களின் அடுக்கை அப்படியே திருப்பி வைத்தார். மேலே இருந்தவர் பதவி போனவர். கூட்டம் ஊளையிட்டது. அவர் அந்தப் படத்தைப் பூப்போல எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்த படம் வந்ததும் ஊளை நின்றது. அது அவர்களுடைய தலைவரேதான், முந்தின ஆட்சிக் காலத்துப் படம். ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு பூச்சி அரிப்பு கிடையாது. இரண்டு பேர் தங்களையறியாமல் கும்பிட்டார்கள்.

"அஞ்சு வருசத்துக்கு முன்ன தேர்தல் முடிஞ்சப்போ மத்த கட்சிக்காரனுவளும் இதே மாதிரி வந்து கேட்டானுவ, இதைக் கொளுத்தணும்னு. குடுத்திருக்கலாமா குமாரதாஸ்?"

குமாரதாஸ் தலைவர் படத்தையே பார்த்தார். ஆனாலும் விடுகிற ஆளா? "எங்க தலைவரும் அவங்களும் ஒண்ணா? நாங்க பட்டது உமக்குத் தெரியாது அண்ணே. அடி வாங்கினவனுக்குத்தான் வலி தெரியும்" என்றார்.

"அது நெசம்" என்றார் ஞானையன். "அப்போ அடிவரை பாத்துட்டுப் போ."

ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். எம்.ஜி.ஆர். வந்தார். அண்ணா வந்தார். பக்தவத்சலம் வந்தார், அவரை இளையவர்களில் ஒருவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. காமராசர் வந்ததும் வைகுண்டராஜன் நிமிர்ந்து நின்றார். கடைசியாக, மஞ்சளித்துப்போன ஒரு படம். அது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இது ஆரு?" என்றார் குமாரதாஸ்.

"மார்த்தாண்டத்துல போலீஸ் வெடிவெச்சப்போ நம்மள ஆண்ட ஆளு. அதுல ஒரு குண்டு எனக்க அப்பனுக்க முட்டியில பாஞ்சுது. சாவுற வரை கால் மடங்கல்ல. கோயில்ல எல்லாரும் முட்டுகுத்தும்போ எனக்க அப்பன் மட்டும் நிப்பாரு. அவருக்க கையால வெச்ச படமாக்கும் இது. ஜெயிச்சவன் கிழிக்கப்பிடாதுன்னு சொல்லி அவரு கிழிக்கல்ல. கிழிக்காத கடையில வந்து நீ கிழிக்கக் கேக்கியா லே?"

கடைசிச் சொல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எதிரே டீக்கடையில் பேச்சு நின்றது. குமாரதாஸ் அந்த மஞ்சள் படத்தைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். பிறகு தாம் கொண்டுவந்த வண்ணப்படத்தை இரண்டு கையாலும் ஞானையனிடம் நீட்டினார். "எல்லாத்தையும் அதது இருந்தபடியே வெச்சு, இதை மேல போடும் அண்ணே" என்றார். சரவெடி ஆற்றங்கரையில் போய்த்தான் வெடித்தது. ஆபீஸ் பிரேம்கள் வழக்கம்போல வந்தன. அன்று மதியம் ஞானையன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ரெத்தினபாய் பொரித்த மீனின் நடுத்துண்டை அவருக்கே வைத்தாள்.

ஐந்து வருடம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. 2011 மே மாதம் மறுபடியும் ஆட்சி மாறியது. ஞானையன் காலையில் கடை திறக்க வந்தால், குமாரதாஸ் கரை வேட்டியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் களையில்லை. "சும்மா வந்தேன்" என்றார். ஞானையனும் சும்மாதான் ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் வைகுண்டராஜன் பிரேமோடு வந்தார். இந்த முறை அடுத்த கட்சிக் கூட்டம், அடுத்த கட்சிச் சரவெடி, ஆனால் கேள்வி பழையதுதான். "ஓய், கழற்றின படத்தை இஞ்ச தாரும்" என்றான் முன்னால் நின்றவன்.

ஞானையன் வாயைத் திறப்பதற்குள் குமாரதாஸ் எழுந்து வாசலை அடைத்து நின்றுவிட்டார். "இந்தக் கடையில படம் கிழிக்கிற வழக்கமில்ல. இந்தப் பிரேமுக்க அடியில ஒரு படம் கெடக்கு. அது என்னன்னு தெரியுமாலே உனக்கு? இவருக்க அப்பன் யேசுவடியான் மார்த்தாண்டத்துல குண்டு வாங்கின மனுசன். ரெண்டு முட்டியிலயும் குண்டு! ரெண்டு காலும் போயும் அந்தப் படத்தைக் கிழிக்காம வெச்சிருந்தாரு, கேட்டியா? ஜெயிச்சவன் கிழிக்கப்பிடாது. உங்க படமும் உள்ள பத்திரமா இருக்கு. வா, வந்து பாரு."

ஒரு கால் இரண்டு காலான கதையைக் கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. வைகுண்டராஜன் திருத்தச் சொல்வதுபோல ஞானையனைப் பார்த்தார். ஞானையன் திருத்தவில்லை. ஆணி பிடுங்கும் குறடைக் கையில் வைத்துக்கொண்டு, கண் நிறைய, குமாரதாஸ் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.