கடைமடைக்கு வந்த கைடு

அந்தக் கைடை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். அட்டை முழுக்கத் தலையெண்ணெய். உள்ளே வெற்றிலைச் சாறு, ஊறுகாய் விரல். "புத்தகமாங்க இது, எச்சில் இலை" என்பார் எங்கள் மெஸ் சமையல்காரர். அவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வேன். அதில் இது முதல் தரம்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக் ஹாஸ்டல். கழக ஆட்சி வந்த புதிது. மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் கூலிக்கும் குத்தகைக்கும் சண்டை ஓயாத காலம். எங்கள் தெருவிலிருந்து டிப்ளமோவுக்குப் போனவன் நான் ஒருத்தன்தான். மெக்கானிக்ஸ் பேப்பர் ஒருதரம் போயாச்சு. மறுபடி போனால் உதவித்தொகை நின்றுவிடும். அப்பாவோடு வயலுக்கு இறங்கவேண்டியதுதான்.

கணக்கும் விடையும் போட்ட அந்தக் கைடு, என் அறையில் இருந்த எங்கள் ஊர் மிராசுதார் வீட்டுப் பையனுடையது. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல அதற்கும் முறை வைத்திருந்தான். தலைமடை அவன். கடைமடை நான்.

கைக்கு வந்ததும் எல்லாரும் காப்பி அடிப்பார்கள், இல்லாவிட்டால் ராகம் போட்டு மனப்பாடம்.

"புரியுதா?" என்று ஒருத்தனைக் கேட்டேன்.

"புரிஞ்சு என்னடா பண்ணப்போற? மார்க்குதானே?"

அடுத்தவன் மென்றதை வாங்கி மெல்லுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

முறை வரும்வரை நானே போட்டுப் பார்ப்பேன். கணக்குப் படத்தில் உத்தரத்துக்கு அடியில் இருக்கும் தாங்கிகளை எடுத்துவிட்டு, அங்கே எந்த விசை தள்ளுகிறது என்று அம்புக்குறி போடுவேன். சிக்கினால் அந்த இடத்தைக் காலியாக விடுவேன். கைடு வந்ததும் பக்கத்தைக் காகிதத்தால் மூடி, சிக்கின வரியை மட்டும் பார்ப்பேன். மீதி என் கையால். கடைசியில் ஒத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் எங்கே பிசகினேன் என்று தேடுவேன்.

அறுப்பு வந்தது. கூலி நெல்லை ஏற்றிக் கேட்டு, எங்கள் ஆட்கள் மிராசுதார் வயலில் இறங்கவில்லை. ஊருக்குப் போய்வந்த அவர் பையன் கைடைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"இன்னிக்கு என் முறை."

"உங்க ஆளுங்க அருவாளை எடுக்கட்டும்டா. அப்புறம் முறை பேசலாம்."

மற்றவர்கள் தலை தூக்கவில்லை. அவர்களுக்கு முறை உண்டே. தூ!

இனி விடை சரியா என்று யாரைக் கேட்பது? இந்தத் தாங்கியிலிருந்து கணக்குப் போட்டு அந்தத் தாங்கியின் விசையைக் கண்டுபிடித்தேன், அதிலிருந்து போட்டு இதன் விசையை. இரண்டையும் கூட்டினால் மேலே வைத்த பளு வரவேண்டும். வந்தால் சரி.

பரீட்சையில் உத்தரம் வலது தாங்கியைத் தாண்டி நீண்டிருந்தது. பளு அந்த நுனியில். இடது தாங்கிக்கு மைனஸ் வந்தது. கூட்டிப் பார்த்தேன், பளு சரியாக வந்தது. இடது முனை மேலே கிளம்பப் பார்க்கிறது, தாங்கி அதைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது என்று எழுதினேன்.

வெளியே மிராசுதார் பையன் சொல்லிக்கொண்டிருந்தான்: "எனக்கும் மைனஸ் வந்துச்சுடா. கைடுல மைனஸே கிடையாதே. அடிச்சுட்டு பிளஸ் போட்டேன்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் தேறினேன். அவனுக்குப் பேப்பர் போச்சு. ரிசல்ட் வந்த அன்று மத்தியானம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து குனிந்தான்.

"உண்மையைச் சொல்லுடா. வேற எந்தக் கைடு வச்சிருந்த? கொடு, பார்த்துட்டுத் தர்றேன்."

நீட்டின விரலில் ஊறுகாய் எண்ணெய் வழிந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.