அறுக்கவா, அக்கா?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் கண்ணால் பார்த்தது, என் காதால் கேட்டது. இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அது சனிக்கிழமை. மாலை நாலு இருபத்திரண்டு. நல்ல வெயில்.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பின்பக்கம் ஒரு பெரிய மரம். காற்றடித்தால் கிளைகள் கூரையில் மோதும். என் கணவர் வெளியூர் போயிருந்ததால், மரம் வெட்டுகிறவர்களை நானே வரவழைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள். மேலே ஏறுகிறவர் மரமேறி. கீழே நிற்கிறவர் அவருடைய தங்கையின் கணவர். மரமேறி அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

மரமேறியின் இடுப்பில் கயிறு, கையில் மோட்டார் ரம்பம். இலைகளின் அடர்த்தியில் அவருக்குத் தரை தெரியாது. அதனால் கிளைக்குக் கிளை ஒரு கேள்வி உண்டு. "அறுக்கவா?" மாப்பிள்ளை ஒதுங்கி நின்றுகொண்டு, "அறு!" என்பார். அதற்கப்புறம்தான் ரம்பம் உறுமும்.

"இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, என் தங்கச்சி அடுத்து என்னைத்தான் வெட்டுவா," என்று மேலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பயமாவது இருக்கட்டும் மச்சான்!"

நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் கிளை வேண்டாம், நிழல் போய்விடும், இந்தப் பக்கம் கொஞ்சம்… என்று காலை முழுவதும் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பேசாம நீங்களே மேல வந்துடுங்களேன்," என்றார் மரமேறி.

பதினொன்றரை மணிக்கு, மாப்பிள்ளை கிளைகளை வண்டியில் ஏற்றப் போயிருந்தபோது மேலிருந்து கேள்வி வந்தது. நான் பதில் சொல்லிவிட்டேன். "யாரும் இல்ல. அறுங்க."

கிளை பத்திரமாக விழுந்தது.

"அக்கா தொழில் கத்துக்கிட்டாங்கடா மாப்பிள்ளை!"

அதன்பிறகு மாப்பிள்ளை வண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் நான்தான் கீழே நின்றேன். மதியத்துக்குள் கேள்வியே மாறிவிட்டது. "அறுக்கவா, அக்கா?" ஒரு மரத்துக்குக் கீழே இரண்டு பேர் பதில் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடமாம். அது தெரிந்த அவர்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

நாலு பத்து. பெரிய கிளை ஒன்றுதான் பாக்கி.

"நான் உள்ள போறேன் தம்பி. நீங்க பாத்துக்குங்க," என்றேன். மாப்பிள்ளை தலையாட்டினார். மேலே இருந்தவரிடம் நான் சொல்லவில்லை.

மாடி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ரம்பம் நின்றிருந்தது. கீழே யாரோ இருமினார்கள். எங்கேயோ கேட்ட இருமல்… யாருடையது என்று யோசித்தேன்.

பேசத் தொடங்கும் முன்பு நான் இருமுகிற இருமல்.

ஜன்னலுக்குப் போனேன். பெரிய கிளைக்கு நேர் கீழே நின்று, சிக்கிய கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. சுவரோரம் நிற்கும் யாரிடமோ சிரித்துப் பேசினார். அந்த ஆள் எனக்குத் தெரியவில்லை. சன்ஷேடு மறைத்தது.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

நாலு இருபத்தொன்று.

"அறுக்கவா, அக்கா?"

"யாரும் இல்ல. அறுங்க."

என் குரல்.

வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடியிருந்தது…

ரம்பம் உறுமியது. ஜன்னல் கொக்கியை இழுத்தேன். அசையவில்லை. கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளை ஏதோ கத்தினார்; ரம்பத்தின் சத்தத்தில் அது மேலே எட்டவில்லை. நிமிர்ந்தார். என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது. புரிந்துகொண்டார்… அப்பாடா…

வேலிப் பக்கம் நாலு அடி வைத்தால் போதும். கை காட்டினேன். போங்க! போங்க!

அவர் சுவர்ப் பக்கம் போனார்.

கிளை சாய்கிற பக்கம்.

மளக்.

நான் படியிறங்கி ஓடியபோது, மரமேறி கயிற்றிலேயே சறுக்கி வந்து கிளையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். "நீங்கதானே சொன்னீங்க… நீங்கதானே அக்கா சொன்னீங்க…" அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மாடியில் இருந்தேன் என்றது அவர் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் என் குரலைக் கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து திரும்பிய என் கணவர்கூட, "பதட்டத்துல மறந்திருப்பே," என்று என் தோளைத் தட்டினார்.

ஒன்பது நாள் மாப்பிள்ளைக்கு நினைவு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். அவர் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டியதில் எவ்வளவு எனக்காக, எவ்வளவு அவருக்காக என்று எனக்கே தெரியாது.

பத்தாம் நாள் கண் விழித்தார். உள்ளே விட்டார்கள். அவர் மனைவியும் மரமேறியும் கட்டிலருகே நின்றிருந்தார்கள்.

"தம்பி, நான் மேல இருந்தேன். ஜன்னல்ல என்னைப் பாத்தீங்க இல்ல? அதை மட்டும் இவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக…

"மேல ஒண்ணைப் பாத்தேன்கா. உங்களை மாதிரியே இருந்துச்சு. வாயைப் பொளந்துக்கிட்டு, கண்ணாடியை அடிச்சுக்கிட்டு… உயிரே போயிடுச்சு எனக்கு. நீங்கதான் என் பக்கத்துலயே நிக்கறீங்களே."

நான் இன்னும் ஓரடி கட்டிலை நெருங்கினேன்.

"நீங்கதான் கையைப் பிடிச்சு இழுத்தீங்க. 'மேல பாக்காதீங்க தம்பி. அது நான் இல்ல. இந்தப் பக்கம் வாங்க'ன்னு."

கட்டிலில் கிடந்த கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இப்ப வந்திருக்கறது எந்த அக்கா?"