கிரகணம் பார்த்த அரையிறுதி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் நம் அணி போட்ட ஒரு கோலைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் காதால் கேட்டதுதான்.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டிலேயே நம் கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே பந்து புகுந்து போனது. அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மச்சினன் அவருக்குக் 'கிரகணம்' என்று பேர் வைத்தான். ஒட்டிக்கொண்டது.

அதன்பிறகு ஆட்டம் தொடங்கினாலே மனைவி ஏதாவது வேலை சொல்லி அவரை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவாள். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் தவிப்பவர்களை வெளியில் நின்றே பேசிப்பேசித் தேற்றுகிற மனிதர் அவர். தன்னை வெளியே நிறுத்தியதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி கீழ்வீட்டு ஜன்னல்களின் சத்தத்தைக் கேட்பார். நம் ஆள் கோல் போட்டால் கட்டடமே கத்தும். எதிராளி போட்டால் யாரோ ஒருவர் பாத்திரம் கழுவத் தொடங்குவார்.

இந்த வருஷம் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. மனைவி பேருக்குக் குலுக்கலில் அரையிறுதிக்கு மூன்று டிக்கெட் விழுந்தது. மாமாவும் வருகிறார் என்றதும் மச்சினனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், எழுந்து போகச் சொன்னால் மாமா மறுபேச்சில்லாமல் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு வழிக்கு வந்தான். அவரும் சரியென்றார்.

மைதானம் டிவியில் தெரிவதைவிடப் பச்சையாக இருந்தது. முதல் பாதியிலேயே எதிரணி ஒன்று போட்டது. மச்சினன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தண்ணீர் வாங்கப் போனார். வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலே கான்கிரீட் அதிர்ந்தது. நம் ஆள் போட்டுவிட்டான். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் எதிரணி இன்னொன்று.

கடைசி நிமிஷத்தில் நமக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. உள்ளே போனால் பிழைத்தோம்.

"மாமா, கால்ல வேணா விழறேன். கொஞ்சம் வெளிய நின்னுட்டு வாங்க," என்றான் மச்சினன்.

விஷயம் காதோடு காதாக முன்வரிசைக்குப் போனது. கன்னத்தில் கொடி வரைந்திருந்த பருத்த மனிதர் ஒருவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். மெக்கானிக் பழக்கதோஷத்தில் எழுந்தேவிட்டார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க."

"ஒத்துக்கிட்டுதானே வந்தேன். தோத்துட்டா?"

"தோத்தா தோக்கட்டும். இத்தனை வருஷமா உங்கள மாடியில நிக்க வெச்சு எத்தனை கப்பு வாங்கி அடுக்கிட்டோம்?"

அவர் உட்கார்ந்தார்.

விசில். நம் ஆள் ஓடிவந்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே, தனக்கு வேறெங்கோ வேலை இருப்பதுபோலப் போனது.

அவ்வளவு பெரிய கூட்டமும் தலையில் கைவைத்தது. முன்வரிசைக்காரர் திரும்பினார். திட்டப்போகிறார் என்று மெக்கானிக் தோளைக் குறுக்கிக்கொண்டார். அந்த மனிதரோ அதே தோளில் முகம் புதைத்துத் தேம்பினார். கன்னத்துக் கொடி சட்டையில் ஒட்டிக்கொண்டது. மெக்கானிக்கும் அழுதார். கூட்டத்தோடு கூட்டமாக அழுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வெளியே வரும் வழியெல்லாம் மச்சினன் முறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவர் எட்டி நடைபோட்டு அவனைப் பிடித்தார்.

"ஏம்பா, தோத்தவங்களுக்கு மூணாவது இடத்துக்குன்னு ஒரு ஆட்டம் உண்டுல்ல? அதுக்கு டிக்கெட் கிடைக்குமா?"

மச்சினன் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு செல்போனை எடுத்தான்.

"ரெண்டா, மூணா?"