சூடு என்று நினைத்தேன்

1986ஆம் ஆண்டு மே 14, புதன்கிழமை, காலை பத்தரை மணி. காரிமங்கலம் பேருந்து நிலையத்தில் கண்ணைத் திறக்க முடியாத வெயில். தர்மபுரி பஸ் புறப்படுவதற்குள் இரண்டாவது இளநீரையும் குடித்து முடித்தேன்.

அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு மாதமாகவே இரவில் நான்கைந்து முறை எழுந்துகொண்டிருந்தேன். முந்தைய நாள் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தது. அன்று காலை அதுவும் நின்றுவிட்டது. கோடைச் சூடு என்று நானே முடிவு கட்டி, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, வெந்தயத் தண்ணீரும் குடித்திருந்தேன். நாட்டு மருந்துக் கடைக்குத்தான் கிளம்பினேன். மனைவியிடம்கூட விவரம் சொல்லவில்லை.

பஸ்ஸில் அடிவயிறு கல்லாகிவிட்டது. வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்த துணி வியாபாரி, என் வயதுள்ள முஸ்லிம் பெரியவர், என்னவென்று விசாரித்தார்.

"சூடுங்க பாய்."

"ஒண்ணுக்குப் போச்சுங்களா?"

முன் சீட்டுப் பெண்கள் திரும்பினார்கள். "மெதுவாப் பேசுங்க" என்றேன்.

"மெதுவாப் பேசுனா வந்துருங்களா? போன வருசம் நானும் இப்பிடித்தான் சூடு சூடுன்னு பார்லித் தண்ணியாக் குடிச்சேன். போற வழி அடைச்சிருக்குது, பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், நீங்க மேல எளநியா ஊத்திக்கிட்டே இருக்கறீங்க. வவுறு வெடிக்கறதுக்கா?"

தர்மபுரியில் இறங்கியதும் அவர் தன் வேலையை விட்டுவிட்டு என்னை நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர் என் மகள் வயதுப் பெண் டாக்டர். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஆம்பள டாக்டர் வரட்டுங்க."

"அவரு வர்றப்ப நீங்க இருக்கணுமே!" என்று பாய் என்னை உள்ளே தள்ளினார்.

குழாய் போட்டார்கள். ஒன்றேகால் லிட்டர் வடிந்தது. போன உயிர் திரும்பியது போலிருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இது சூடு இல்லீங்க ஐயா. வயசானா ஆம்பளைங்களுக்கும் ஹார்மோன் மாறும். மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி பெருத்து வழிய அடைச்சிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்."

வயது உடம்பை மாற்றுவது பெண்களுக்கு மட்டும்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

அடுத்த மாதம் சேலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டேன். அதிலிருந்து உடம்பில் எது மாறினாலும் அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். "தும்முனாலும் சொல்லணுங்களா?" என்று அவள் சலித்துக்கொள்கிறாள். ஆபரேஷன், மருந்து, பஸ் எல்லாம் சேர்த்து 1,842 ரூபாய் கொடுத்துக் கற்ற பழக்கத்தை லேசில் விட முடியுமா?